கிழங்கின் தாகம்: ஊட்டி உருளையும் பச்சைமலைக் குச்சிக்கிழங்கும்

பச்சைமலையில் உருளைக்கிழங்கு சொல்லிக்கொள்ளும்படி விளைவதில்லை. துறையூரிலிருந்து உப்பிலியபுரம், சோபனபுரம் வழியாக மலையேறி டாப் செங்காட்டுப்பட்டிப் பக்கம் போனால் சரிவுகளில் கண்ணில் படுவது குச்சிக்கிழங்கு. புத்தகம் இதை மரவள்ளி என்னும். குமரிப் பக்கம் கப்பக்கிழங்கு என்பார்கள். திருச்சி, சேலம், நாமக்கல் வட்டாரத்தில் குச்சிக்கிழங்குதான். ஊடே முந்திரியும் பலாவும் உண்டு. சாமை போட்ட காடுகள் குறைந்துவிட்டன. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டான இது திருச்சி, பெரம்பலூர், சேலம் என்று மூன்று மாவட்டங்களில் படுத்துக் கிடக்கிறது. உயரம் ஐந்நூறு மீட்டரிலிருந்து ஆயிரம் மீட்டர் வரை இருக்கும். உருளைக்கிழங்குக்கு அந்த உயரம் போதாது.

அப்படியிருக்க, உருளையை வறட்சியிலிருந்து காப்பது பற்றி உலகெங்கும் நடக்கும் ஆராய்ச்சியைப் பச்சைமலையில் நின்றுகொண்டு பார்ப்பானேன்? காரணம் இருக்கிறது. தண்ணீர் தட்டுப்படும்போது என்ன செய்வது என்ற கேள்விக்கு இந்த இரண்டு செடிகளும் நேரெதிரான விடைகளை வைத்திருக்கின்றன. ஒன்று மூன்று, நான்கு மாதத்தில் முடிந்துபோகும் அவசரக்காரப் பயிர். மற்றது பத்து மாதம் நிலத்தில் கிடந்து, மழை வந்தால் துளிர்த்து, வராவிட்டால் இலையை உதிர்த்துவிட்டுக் காத்திருப்பது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, ‘வறட்சியைத் தாங்கும் பயிர்’ என்று நாம் போகிறபோக்கில் சொல்வதற்குள் எத்தனை பொருள் ஒளிந்திருக்கிறது என்று தெரியவருகிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு மழை குறைந்தது என்பதைவிட, எந்த வாரங்களில் குறைந்தது என்பதைப் பொறுத்துத்தான் கிழங்கின் கதை முடிவாகிறது. உதவ நினைப்பவர்கள் அந்த வாரங்களைக் கண்டுபிடித்து அங்கே செலவு செய்தாலே பாதி வேலை முடியும். நடப்பதென்னவோ பெரும்பாலும் வேறு.

மேலோட்டமான வேர்

உருளைக்கிழங்கைத் தண்ணீர் குடிக்கும் பயிர் என்று திட்டுவது நியாயமில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு உணவு கிடைக்கிறது என்று கணக்குப் போட்டால் நெல், கோதுமை எல்லாம் அதற்குப் பின்னால்தான் நிற்கும். 120 முதல் 150 நாள் பயிருக்கு 500 முதல் 700 மி.மீ. நீர் வேண்டும் என்பது ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் கணக்கு. திருச்சி மாவட்டத்தின் ஆண்டு மழையே 800 மி.மீ.யை ஒட்டித்தான் என்றாலும், மொத்த அளவைப் பார்த்தால் அது எட்டாத கனி இல்லை.

சிக்கல் வேரில் இருக்கிறது. உருளையின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் ஓரடி ஆழத்துக்குள்ளேயே நின்றுவிடும். ஏர்க்காலோ டிராக்டர் கொழுவோ வருடக்கணக்கில் ஒரே ஆழத்தில் உழுது இறுக்கிய அடிமண்ணைத் துளைத்துக்கொண்டு இறங்கும் வலு அதற்குக் கிடையாது. மேல்மண் காய்ந்தால், இரண்டடிக்குக் கீழே ஈரம் இருந்தாலும் செடிக்கு அது இல்லாத ஈரம். மண் பிடித்துவைத்திருக்கும் பயன்படு நீரில் மூன்றில் ஒரு பங்கோ, போனால் பாதியோ குறைவதற்குள் அடுத்த தண்ணீர் வந்துவிட வேண்டும். இந்த வரம்பைத் தாண்டினால் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும், இலை விரிவது நிற்கும். வாட்டம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே இதெல்லாம் நடந்து முடிந்திருக்கும். விவசாயி செடி தொங்குவதைப் பார்த்து மோட்டார் போடும்போது விளைச்சலில் ஒரு பங்கு ஏற்கெனவே போயிருக்கிறது.

முளைத்துச் சில வாரங்களில் மண்ணுக்குள் படுக்கைவாட்டில் மெல்லிய தண்டுகள் ஓடும். அவற்றின் நுனி பருத்தால்தான் கிழங்கு. அந்த நுனி பருக்கத் தொடங்கும் இரண்டு, மூன்று வாரங்களே இந்தப் பயிரின் உயிர்நாடி. அப்போது மண் காய்ந்தால் கிழங்குகளின் எண்ணிக்கை குறையும். பிறகு எவ்வளவு பாய்ச்சினாலும் அந்த எண்ணிக்கை திரும்பாது. கிழங்கு பெருக்கும் காலத்தில் காய்ந்தால் எண்ணிக்கை இருக்கும், உருவம் இராது. எல்லாவற்றிலும் மோசம் காய்ந்து, பிறகு திடீரென்று நனைவது. நின்றுபோன வளர்ச்சி மறுபடி கிளம்பும்போது கிழங்கில் முண்டும் முடிச்சுமாகப் புடைக்கும், தோல் வெடிக்கும், சில இரகங்களில் நடுவில் பொந்து விழும். மண்டியில் ஒதுக்கித் தள்ளப்படும் கோணல் கிழங்குகளில் பல இப்படி உண்டானவை. கிழங்கு கட்டும் நேரத்தில் மண் உலர்ந்திருந்தால் சொறி நோயும் கூடும். அந்த நோயை உண்டாக்கும் நுண்ணுயிர் உலர்மண்ணில்தான் ஓங்குகிறது. அறுவடைக்கு முந்திய நாட்களிலோ நிலைமை தலைகீழ். அப்போது தண்ணீரை நிறுத்தினால்தான் தோல் முற்றும்.

வறட்சி தனியாக வருவதும் அரிது. கூடவே வெயிலைக் கூட்டிக்கொண்டு வரும். கிழங்கு கட்டச் சொல்லும் சமிக்ஞை இலையில் பிறந்து மண்ணுக்குள் இறங்குகிறது. எஸ்பி6ஏ என்று பெயரிடப்பட்ட மரபணு அந்த வேலையைச் செய்வதாக 2011இல் கண்டறிந்தார்கள். உருளையின் மரபணுத் தொகுதி வெளியானதும் அதே ஆண்டில்தான். வெப்பம் கூடினால் இந்தச் சமிக்ஞை அடங்கிவிடுகிறது. செடி பச்சைப்பசேலென்று வளரும், அடியில் ஒன்றும் இராது. இரவு வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குகிற இடமாகப் பார்த்து உருளை போடச் சொல்வது இதனால்தான். தமிழ்நாட்டில் நீலகிரி, கொடைக்கானல் போன்ற உயர்ந்த மலைகளிலும், ஓசூர், தாளவாடி மாதிரி குளிர்ந்த மேட்டுநிலங்களிலும் அது நிலைகொண்டதற்குக் காரணம் இந்த இரவுக் கணக்கு. பச்சைமலை இந்த வாசலுக்கு வெளியே நிற்கிறது.

ஊட்டி, ஹாசன், டீசா

நீலகிரிக்கு உருளை வந்தது 1820களில், ஜான் சல்லிவன் ஊட்டியில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிடத் தொடங்கிய காலத்தில். இன்று அங்கே மூன்று போகம். மார்ச், ஏப்ரலில் ஒன்று, ஆகஸ்டையொட்டி ஒன்று, ஜனவரி வாக்கில் இறவையில் ஒன்று. முதல் இரண்டும் வானத்தை நம்பியவை. மழை நிறையப் பெய்யும் மலைதானே, அங்கே வறட்சிக்கு என்ன வேலை என்று தோன்றலாம். வேலை இருக்கிறது, ஒரு புழுவால். 1961இல் எஃப். ஜி. டபிள்யூ. ஜோன்ஸ் என்ற நூற்புழு ஆய்வாளர் ஊட்டி நிலமொன்றில் தங்க நூற்புழுவைக் கண்டுபிடித்தார். இந்தியாவில் அதுவே முதல் தடவை. இந்தப் புழு வேரைத் தாக்கி அதைக் குட்டையாக்கிவிடும். ஏற்கெனவே மேலோட்டமான வேர், அதுவும் பழுதானால், நாலு நாள் மழை தவறினாலே செடி நண்பகலில் துவளும். மழைமானியில் பார்த்தால் வறட்சி இராது, செடியில் இருக்கும். ஊட்டிக்கருகே முத்தோரையில் இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் 1985இல் கொண்டுவந்த குஃப்ரி ஸ்வர்ணா நூற்புழுவை எதிர்க்கும் இரகம். வறட்சி ஆராய்ச்சிப் பட்டியலில் யாரும் அதைச் சேர்ப்பதில்லை. சேர்த்தால் தப்பில்லை என்பேன்.

மானாவாரி உருளையின் பாடு முழுவதும் தெரிய வேண்டுமானால் கர்நாடகத்தின் ஹாசனைப் பார்க்க வேண்டும். தென்னிந்தியாவில் மழையை மட்டும் நம்பிப் பெரும்பரப்பில் உருளை போட்ட மாவட்டம் அது. விதைக்கிழங்கு பஞ்சாபின் ஜலந்தரிலிருந்து லாரியில் வரும். மே, ஜூனில் முதல் மழைக்கு நடுவார்கள். பருவமழை சரியாக விழுந்தால் பின்பருவக் கருகல் நோய், விழாவிட்டால் வாட்டம். இரண்டு பக்கமும் இடி. 1968இல் வெளியான குஃப்ரி ஜோதியையே நெடுங்காலம் நம்பி நின்றதால் இடி இன்னும் பலமாக விழுந்தது. பரப்பு சுருங்கிப் பலர் மக்காச்சோளத்துக்கு மாறினார்கள். அண்மை ஆண்டுகளில் அங்கே ஒரு மாற்றம். திசு வளர்ப்புச் செடியிலிருந்து நுனித்துண்டுகளை வெட்டி, வேர்விடச் செய்து, அந்த நாற்றை விவசாயியிடமே கொடுத்து அவர் நிலத்திலேயே விதைக்கிழங்கு பெருக்க வைக்கும் முறை பரவி வருகிறது. விதைக்காக இரண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டிக் கைநீட்டாமல், மழை எப்போது வருகிறதோ அப்போது கையிலிருக்கும் விதையை நட முடிவது வறட்சிக் காலத்தில் சின்ன விஷயமில்லை.

குஜராத்தின் டீசா நேர்மாறு. மழை குறைந்த பனாஸ்கந்தா மாவட்டம், மணற்பாங்கான மண், குளிர்கால இரவு. அங்கே சொட்டு நீரும் தெளிப்பு நீரும் போட்டு வறுவல் ஆலைகளுக்கு உருளை விளைவிக்கிறார்கள். மழையே இல்லாத பருவத்தில் பயிர் செய்வதால் வறட்சி என்ற சொல்லுக்கே அங்கு இடமில்லை. எந்த வாரம் எவ்வளவு வேண்டுமோ அந்த வாரம் அவ்வளவு போகிறது. நிலத்தடி நீர் இருக்கும்வரை இந்தக் கெட்டிக்காரத்தனம் செல்லும்.

இரகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1949இல் பாட்னாவில் தொடங்கி 1956இல் சிம்லாவுக்குப் போன மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம், வெப்பத்தைத் தாங்கும் குஃப்ரி சூர்யாவை 2006இல் வெளியிட்டது. குறைந்த நீரில் விளையும் என்று குஃப்ரி தார் வரிசை இரகங்களும் பின்னர் வந்திருக்கின்றன. 1971இல் பெருவின் லிமாவில் தொடங்கிய சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தின் சேகரிப்பில் ஆண்டிஸ் மலையின் நாட்டு இரகங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் சில உறைபனியும் வறட்சியும் சேர்ந்தடிக்கும் மேட்டுநிலத்தில் பல நூற்றாண்டு தாக்குப்பிடித்தவை. ஆனால் நல்ல இரகம் பிறப்பது வேறு, வயலுக்கு வந்து சேர்வது வேறு. ஒரு ஹெக்டேருக்கு விதைக்கிழங்கு மட்டும் இரண்டு டன்னுக்கு மேல் வேண்டும். நெல்லைப் போல ஒரு மூட்டையிலிருந்து ஊரெல்லாம் பெருக்கிவிட முடியாது. வறட்சி தாங்கும் புதிய இரகம் என்று நாளிதழில் செய்தி வரும்போதெல்லாம் விதை எங்கே என்று கேட்பது நல்ல பழக்கம்.

தெளிப்பு மருந்துகளின் பட்டியல் நீளமானது. கயோலின் களிமண் கரைசல் இலையில் வெண்படலமாகப் படிந்து வெயிலைத் திருப்பியனுப்பும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தரும் பிபிஎஃப்எம் என்ற நுண்ணுயிர்த் திரவம் பல பயிர்களில் வறட்சிக்காகத் தெளிக்கப்படுகிறது. புது தில்லியிலிருந்து பூசா ஹைட்ரோஜெல் வந்தது. மண்ணில் கலந்தால் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல விடும். சாலிசிலிக் அமிலம், சிலிக்கான் என்று ஆய்விதழ்களில் வாரம் ஒன்று வருகிறது. இவை அத்தனையும் செய்வது கெடுவை ஒரு வாரம், பத்து நாள் தள்ளிப்போடுவது. அந்தப் பத்து நாளில் மழை வந்தால் தெளித்தவர் கெட்டிக்காரர். வராவிட்டால் மருந்துக்கடைக்காரருக்கு மட்டும் லாபம். வைக்கோல் மூடாக்கு இவற்றைவிடப் பழையது, மலிவானது. உருளையின் வேர் இருக்கும் அதே ஓரடி மண்ணைத்தான் அது குளிர்வாகவும் ஈரமாகவும் வைத்திருக்கிறது. வங்காளத்தில் நெல் அறுத்த ஈரநிலத்தில் உழாமலே விதைக்கிழங்கைப் பரப்பி, மேலே வைக்கோலைக் கனமாகப் போர்த்தி விளைவிக்கும் முறை இதன் உச்சம்.

சாகாத செடியின் நஷ்டங்கள்

இப்போது பச்சைமலைக்கு வருவோம். பிரேசில் பக்கத்துச் செடியான மரவள்ளியைப் போர்ச்சுகீசியர் கேரளக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதைப் பஞ்சத்துக்கு மருந்தாகப் பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் ஜவ்வரிசி இறக்குமதி நின்றபோது சேலத்தில் மாணிக்கம் செட்டியாரும் கூட்டாளிகளும் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். அதிலிருந்து சேலம், ஆத்தூர், நாமக்கல் எங்கும் சேகோ ஆலைகள் முளைத்தன. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. பச்சைமலைக் கிழங்கு லாரி ஏறிப் போவது இந்த ஆலைகளை நோக்கித்தான். ஆகவே மலைக்காரருக்கு இது சாப்பாட்டுப் பயிர் என்பதைக் காட்டிலும் காசுப் பயிர். இது பின்னால் வரும் கணக்குக்கு முக்கியம்.

மரவள்ளி வறட்சியை எப்படிச் சமாளிக்கிறது என்பதைக் கொலம்பியாவின் காலி நகரத்துச் சர்வதேச வெப்பமண்டல வேளாண்மை மையத்தில் எல்-ஷர்காவி குழுவினர் விரிவாகப் பார்த்திருக்கிறார்கள். மண் காய்வதற்குக் காத்திராமல், காற்று உலர்ந்தவுடனேயே இலைத்துளைகள் பாதி மூடிக்கொள்கின்றன. வேர் இரண்டு மீட்டர் வரையும் அதற்குக் கீழும் இறங்கி, மற்ற பயிர் எட்டாத ஈரத்தை மெல்ல உறிஞ்சுகிறது. கெடு, அதாவது மழையில்லா இடைவெளி, நீடித்தால் அடியிலைகளை உதிர்த்துவிட்டு உச்சியில் ஒரு கொத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். மழை வந்ததும் கிழங்கிலிருக்கும் மாவைக் கரைத்துப் புது இலை விடும். சிக்கனமான குடும்பத்தலைவி அரிசிப்பானையைத் தொடாமல் இருந்து, விருந்தாளி வந்தபின் திறப்பதுபோல.

இதைப் படித்துவிட்டு மரவள்ளிக்கு வறட்சியே ஒரு பொருட்டில்லை என்று முடிவு கட்டுவது எளிது. அங்கேதான் சறுக்குகிறோம். நட்ட முதல் மாதத்திலிருந்து ஐந்தாம் மாதம் வரை, வேர் இறங்கிக் கிழங்கு கட்டத் தொடங்கும் காலத்தில், இரண்டு மாதம் தொடர்ந்து காய்ந்தால் விளைச்சல் 32 முதல் 60 விழுக்காடு வரை குறையும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. செடி சாகாது. பத்தாம் மாதம் பிடுங்கும்போது அடியில் விரற்கடை தடிமனில் நாலு வேர் இருக்கும். செடி உயிரோடிருப்பதால் இதற்குப் பயிர் நாசம் என்ற பெயரும் கிடைப்பதில்லை. வாடி விழுந்த நெல்லைக் கணக்கெடுக்க வருகிற அதிகாரி பச்சையாய் நிற்கும் குச்சிக்காட்டில் எதைக் கணக்கெடுப்பார்?

அடுத்த நஷ்டம் ஆலை வாசலில். ஆலை கிழங்கின் எடைக்கு மட்டும் காசு கொடுப்பதில்லை. மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்த்துத்தான் விலை. நீண்ட கெடுவுக்குப் பின் ஒரு நல்ல மழை பெய்து, செடி துளிர்விட்ட வாரங்களில் கிழங்கைப் பிடுங்கினால் மாவு இலைக்குப் போயிருக்கும், பாயிண்ட் இறங்கியிருக்கும். மழைக்கு ஏங்கியவர் மழை பெய்ததாலேயே விலை இழக்கிற விசித்திரம் வேறு பயிரில் அவ்வளவாகக் கிடையாது. துளிர் முற்றி மாவு மறுபடி கிழங்கில் சேரும்வரை பொறுத்திருக்கலாம். கடன் பொறுக்குமா, காட்டுப்பன்றி பொறுக்குமா என்பது வேறு கேள்வி.

மூன்றாவது நஷ்டம் நஞ்சு. மரவள்ளியில் இயல்பாகவே சயனைடு வகைச் சேர்மம் உண்டு. வறட்சியில் அது கூடும். கெடுவில் வாடிய குச்சிக்கிழங்குத் தழையை மேய்ந்து ஆடுமாடு செத்த கதை இந்த வட்டாரத்துக்குப் புதிதில்லை. மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் 1981 வறட்சியின்போது, கசப்பு மரவள்ளியைச் சரியாக ஊறவைத்துக் காயவைக்க நேரமின்றி உண்டதால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கால்கள் விறைத்து முடங்கின. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். சேகோ ஆலையில் அரைத்துப் பலமுறை கழுவுவதால் நஞ்சு போய்விடுகிறது. வேகவைத்து வடித்த இனிப்பு இரகத்திலும் பயமில்லை. ஆனாலும் கெடு ஆண்டில் பட்டிக்கு வேலி போடுவதும், தழையை உலர்த்திக் கொடுப்பதும் வறட்சி மேலாண்மையின் பாகந்தான்.

நாலாவதாக ஒன்று 2020க்குப் பிறகு சேர்ந்திருக்கிறது. மரவள்ளி மாவுப்பூச்சி. ஆப்பிரிக்காவில் 1970களில் நுழைந்து கண்டம் முழுவதையும் ஆட்டிவைத்த அதே பூச்சி கேரளத்தில் தென்பட்டு, சேலம், நாமக்கல் காடுகளுக்கும் வந்துவிட்டது. மழை பெய்தால் அடித்துக்கொண்டு போகும், காய்ந்தால் கட்டுக்கடங்காமல் பெருகும். உச்சித் துளிர் முடங்கிக் கொத்தாகச் சுருண்டு நிற்பதை வறட்சி என்று எண்ணித் தண்ணீருக்கு அலைபவர்கள் உண்டு. பாதி உண்மையும்கூட, ஏனென்றால் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. ஆப்பிரிக்காவில் ஹான்ஸ் ஹெரென் குழு பராகுவேயிலிருந்து கொண்டுவந்த ஒட்டுண்ணிக் குளவி இந்தப் பூச்சியை அடக்கியது. அதற்காக அவருக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்தக் குளவியைப் பெனின் நாட்டிலிருந்து தருவித்து 2022இல் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். ஏத்தாப்பூரிலிருந்து பச்சைமலையின் சேலம் பக்கச் சரிவு கூப்பிடு தூரம் என்று சொல்லமாட்டேன், ஆனால் தொலைவில்லை. மலைக்காட்டில் பூச்சிமருந்தை அள்ளித் தெளித்தால் அந்தக் குளவிதான் முதலில் சாகும்.

2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 விழுக்காடு பொய்த்தது. 2017 ஜனவரி 10இல் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. அந்த மாதிரி ஆண்டில் மேலே சொன்ன நஷ்டங்களோடு இன்னொன்றும் சேரும். அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. குச்சிக்கிழங்குக்கு விதை என்பது போன பயிரின் தண்டு. வறண்ட ஆண்டில் தண்டு மெலிந்து, கணு நெருங்கி, சத்தில்லாமல் நிற்கும். அதை வெட்டி மழைக்குக் காத்து வைத்திருக்கும்போது காய்ந்தும் போகும். மழை தாமதித்த ஒவ்வொரு வாரமும் முளைக்கும் குச்சிகளின் எண்ணிக்கை குறையும். ஆக, ஒரு வருட வறட்சி அடுத்த வருட விளைச்சலையும் சேர்த்தே தின்கிறது. நிழலில் செங்குத்தாக நிறுத்தி, அடிநுனி மண்ணைத் தொட வைத்தால் இரண்டு மாதத்துக்குக் குறையாமல் தாங்கும். மரத்தடி இருந்தால் போதும், செலவே இல்லாத வேலை.

சரிவில் செய்யக்கூடியது

சரிவில் வறட்சி என்பது மேலே பெய்த மழை நிற்காமல் ஓடிப்போவதும்தான். மரவள்ளி முதல் மூன்று மாதம் தரையை மூடாது. அறுவடையில் கிழங்கைப் பிடுங்கும்போது மண் கிளறிப்போகும். உலகின் பல மலைச்சரிவுகளில் மண்ணரிப்புக்கு இந்தப் பயிர் பேர்போனது. மேல்மண் போன இடத்தில் பெய்த மழை மண்ணுக்குள் இறங்காது. பிறகு மழை குறைந்துவிட்டது என்று வானத்தைக் குறை சொல்வதில் பொருளில்லை. சம உயரத்தில் வரப்பு, வரப்பில் வெட்டிவேர் வரிசை, மேலிருந்து கீழாக உழாமல் குறுக்காக உழுவது, முதல் மூன்று மாதம் ஊடுபயிராகத் தட்டைப்பயறோ உளுந்தோ போட்டுத் தரையை மூடுவது: எல்லாம் தெரிந்த பாடங்கள். இவற்றுக்கு மானியம் அரிதாகவும் ஹைட்ரோஜெல் போன்ற பொட்டலங்களுக்கு விளம்பரம் தாராளமாகவும் கிடைப்பதுதான் எனக்கு விளங்காத விஷயம். சாமைக் காட்டைக் குச்சிக்காடாக்கும்போது ஆண்டுக்கு ஒருமுறை வீட்டுக்குத் தானியமும் தரைக்குத் தட்டையும் கொடுத்த பயிர் போய்விடுகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முழுக்கக் குச்சியாக்காமல் சரிவின் ஒரு பட்டையைச் சாமைக்கு விட்டுவைப்பவர்கள் பத்தாம்பசலிகள் இல்லை.

மானாவாரி நடவுக்கு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் குச்சி நேர்த்தி எளிமையானது. லிட்டருக்கு 5 கிராம் பொட்டாசியம் குளோரைடும், அரை விழுக்காடு துத்தநாக சல்பேட்டும் இரும்பு சல்பேட்டும் கலந்த கரைசலில் 20 நிமிடம் ஊறவைத்து நடுவது. ஒரு ஏக்கர் குச்சிக்கு ஆகும் செலவு ஒரு மருந்துத் தெளிப்பைவிடக் குறைவு. பயன் வேர் இறங்கும் முதல் வாரங்களிலேயே கிடைக்கிறது. பொட்டாசியம் என்ற சாம்பல்சத்தின் பங்கு அதோடு முடிவதில்லை. மரவள்ளி மண்ணிலிருந்து அதிகம் எடுத்துச்செல்லும் சத்தே அதுதான். மண்ணில் அது குறைந்தால் மாவு குறையும், சயனைடு கூடும். ஆண்டுதோறும் கிழங்கை லாரியில் அனுப்பிவிட்டு மலைமண்ணுக்கு எதையும் திருப்பித் தராமலிருந்தால் வறட்சி இல்லாத ஆண்டிலும் பாயிண்ட் இறங்கும்.

இரகம் என்று பார்த்தால், 1963இல் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் தொடங்கிய மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் 1971இல் எச்-165, எச்-226 இரண்டையும் வெளியிட்டது. சேலம் வட்டாரம் அரை நூற்றாண்டாக எச்-226இன் காலடியில் கிடக்கிறது. மாவு நன்றாக வரும், தேமல் நோய்க்கு எளிதில் விழும். முள்ளுவாடி, குங்கும ரோஸ் முதலிய வட்டார இரகங்களும் உண்டு. ஏத்தாப்பூர் நிலையமும் இரகங்கள் தந்திருக்கிறது. தேமல் விழுந்த செடி வறட்சியில் கூடுதலாக வாடும் என்பதால் தேமல் இல்லாத தாய்ச்செடியிலிருந்து குச்சி எடுப்பதே பல நேரம் இரகம் மாற்றுவதைவிடப் பலன் தரும். எட்டு, ஒன்பது மாதத்தில் முடியும் எச்-165 மாதிரிக் குறுகிய வயதுள்ளது கடைசி மாதங்களின் காய்ச்சலிலிருந்து தப்பித்துவிடும். ஆனால் தொடக்கத்திலேயே கெடு வந்தால் ஈடுகட்ட நேரம் கிடைக்காது. ஒரே காட்டில் இரண்டு வயதுள்ள இரகங்களைப் பிரித்து நடுவது பழைய புத்திதான், ஆலைக்காரருக்குப் பிடிக்காதது.

இத்தனையிலும் எனக்கு மிகப் பொருத்தமாகப் படுவது ஸ்ரீகாரியத்தில் உருவான சிறுகரணை நாற்றங்கால் முறை. முழங்கை நீளக் குச்சிக்குப் பதிலாக இரண்டு கணுவுள்ள துண்டாக வெட்டி, நிழல்வலைக்கடியில் நெருக்கமாக நட்டு, மூன்று, நான்கு வாரம் வளர்த்து, தேமல் தெரிந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மழை விழுந்தபின் காட்டுக்கு எடுத்துப்போவது. வழக்கமாக ஒரு செடியின் தண்டு பத்துச் செடிக்குத்தான் வரும். இதில் அறுபது வரை போகும். இது விதைப் பெருக்கத்துக்காக வகுக்கப்பட்டது. நான் பார்க்கும் பயன் வேறு. காட்டில் குச்சி நட்டுவிட்டு மழைக்குக் காத்திருக்கும் ஆபத்தான வாரங்களை, ஒரு குடத்துத் தண்ணீர் எட்டக்கூடிய நாலு சென்ட் நிலத்துக்குள் கொண்டுவந்துவிட முடிகிறது. ஹாசனில் உருளைக்கு நடக்கும் நுனிநாற்று வேலையும் இதற்கு ஒன்றுவிட்ட உறவுதான். உருளையின் தாகம் நட்ட பிறகு ஒரு மாதம் கழித்துத் தொடங்குகிறது என்பதால் அங்கே நாற்றங்கால் தண்ணீரை மிச்சப்படுத்தாது, விதையை மட்டுமே காப்பாற்றும்.

நாற்றங்காலுக்குக் கூலி அதிகம், நடவும் ஒருமுறைக்கு இருமுறை. தனி விவசாயி ஏற்கமாட்டார், ஏற்கச் சொல்வதும் சரியில்லை. வண்ணாடு, கோம்பை, தென்பரநாடு என்று ஊராட்சிக்கு ஓரிடத்தில், ஊற்றோ கிணறோ உள்ள பக்கமாக, மகளிர் குழுவோ மலைவாழ் மக்கள் கூட்டுறவுச் சங்கமோ நடத்தலாம். வாழை நாற்றையும் மிளகாய் நாற்றையும் கீழ்நாட்டில் காசு கொடுத்து வாங்கிப் பழகியாயிற்று. குச்சி மட்டும் ஓசியில் கிடைப்பது, பக்கத்துக் காட்டில் வெட்டிக்கொள்வது என்றே இருந்துவிட்டது. தேமலும் மாவுப்பூச்சியும் மலை ஏறி வந்தது அந்த ஓசிக் கட்டுகளில்தான். அடுத்த நடவுக்குள் ஒரு நாற்றங்காலாவது தொடங்கினால், அதில் எச்-226 எவ்வளவு, தேமல் தாங்கும் இரகம் எவ்வளவு வைப்பது என்பதை ஆலை முதலாளிகளோடும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும். பாயிண்ட் பார்த்து விலை போடுவது அவர்கள்.